டிக்கியில் கசிந்த செனின் ஒயின்: நாசிக் குடும்ப ஒயினரி ஒன்றில் டேஸ்டிங் ரூம் புகார், விசாரணை, விளைவு

பின்னணி

இடம் மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டம், திண்டோரி வட்டாரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பகல் சூடாக இருந்தாலும் குளிர்கால இரவுகள் நன்றாகக் குளிரும். ஒயின் திராட்சைக்கு அது தோதான நிலம். இங்கே கொடியை ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டுவார்கள்: ஏப்ரலில் ஒருமுறை, செப்டம்பர்-அக்டோபரில் காய்ப்புக்காக இன்னொருமுறை. அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை ஓடும். பார்வையாளர்கள் கூட்டமும் அதே மாதங்களில்தான். தொட்டியில் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் கார்கள் வரிசை கட்டும். ஒரே குடும்பம் இரண்டையும் பார்க்க வேண்டும். இந்த ஒயினரியின் சிக்கலுக்குப் பாதிக் காரணம் இந்த நெருக்கடிதான்.

தோட்டம் 5 ஏக்கர். தந்தை கொடியைப் பார்க்கிறார், மகள் ஒயின் தயாரிக்கிறார், மருமகள் வருகிறவர்கள் ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டிங் ரூமை நடத்துகிறார். நல்ல ஆண்டில் 18 டன் பழம், அதிலிருந்து 11,000 லிட்டருக்குச் சற்று மேல், ஏறத்தாழ 15,000 பாட்டில். மூன்றில் ஒரு பங்கு வாசலிலேயே விற்றுப்போகும். கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் போகிற பங்கு இதில் மிச்சமாவதால், குடும்பம் ஓடுவது இந்தப் பணத்தில்தான்.

சுவைக்க ஐந்து ஒயின்கள்: வெள்ளையில் சோவினோன் பிளாங்க், இளஞ்சிவப்பு ரோஸே, சிவப்பில் ஷிராஸ், காபர்னே சோவினோன், கடைசியில் லேசாக இனிக்கும் வெள்ளை ஒயின் செனின் பிளாங்க். செனினில் லிட்டருக்கு 18 கிராம் சர்க்கரை மிஞ்சியிருக்கும், ஆல்கஹால் 12 சதவீதம். மற்ற நான்கும் திருகு மூடி. பரிசு கொடுக்க வாங்குபவர்களுக்குப் பார்வையாக இருக்கட்டும் என்று செனினுக்கு மட்டும் கார்க் போட்டிருந்தார்கள்.

டேஸ்டிங் ரூம் சிறியது. மேற்குப் பார்த்த ஜன்னல், ஒரு ஏசி, மரக் கவுண்டர். கவுண்டரின் ஓரத்தில் பிள்ளையார் படம், காலையில் ஏற்றுகிற ஊதுபத்தி.

வருகை: மார்ச், சனிக்கிழமை

புனேயில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று காலை 10.30 மணிக்கு வந்தது. அம்மா, மகன், மருமகள், மருமகளின் தம்பி, 14 வயதுப் பையன். மகன்தான் வண்டி ஓட்டுகிறார். அடுத்து ஷீரடி, இரவு அங்கே தங்கல், ஞாயிறு புனே திரும்புவது என்று திட்டம்.

முதலில் தொட்டிகள். நொதித்துக்கொண்டிருந்த சாற்றின் வெப்பத்தைத் தொட்டியைச் சுற்றியுள்ள குளிர்நீர் உறை 15 டிகிரியில் பிடித்து வைத்திருந்தது. மேல்வாயைத் திறந்து பார்க்கப் பையன் ஆசைப்பட்டான். டேஸ்டிங் ரூமை நடத்தும் ஒயினரிப் பெண் இரண்டடி தள்ளியே நிறுத்தினார். நொதிக்கும் தொட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். காற்றைவிடக் கனமான அந்த வாயுவுக்குள் தலையை விட்டால் ஒன்றிரண்டு மூச்சிலேயே மயக்கம் வரலாம். அறுவடைக் காலத்தில் எந்த ஒயினரியிலும் இதில் சலுகை காட்டக் கூடாது.

பிறகு டேஸ்டிங் ரூம். ஒரு ஊற்று 30 மில்லி, ஐந்துக்கும் சேர்த்து 150 மில்லி. கொஞ்சம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் 12.5 சதவீத ஒயினில் அது ஏறத்தாழ 15 கிராம் ஆல்கஹால். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்தையும் விழுங்கினால் அந்த வரம்பைத் தொடவோ தாண்டவோ கூடும். யார் ஓட்டுகிறார்கள் என்று ஒயினரிப் பெண் ஊற்றுவதற்கு முன்பே கேட்டார். மகனுக்குத் துப்பும் ஜாடியைத் தனியாக எடுத்து வைத்து, வாயில் சுழற்றித் துப்புவது எப்படி என்று செய்தே காட்டினார். பையனுக்குத் திராட்சைச் சாறு. இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிற இடங்கள் நிறைய உண்டு. இங்கே கேட்டார்கள், சரியாகச் செய்தார்கள்.

அம்மா சோவினோன் பிளாங்க்கை ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவருடைய பிறந்த ஊர் கம்பம் பக்கம். திராட்சை என்றால் அவருக்குப் பன்னீர் திராட்சைதான். "திராட்சைன்னா இனிக்கணுமே, இது என்ன நாக்கைப் பிடிக்குது?" என்றார். "பிடிக்கலைன்னா விட்டுடுங்க அத்தை, அந்த ஜாடியில ஊத்திடுங்க" என்றார் மருமகள். ஒயினரிப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, முகம் புரிந்தது. பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் வாசனையும் இனிப்பும் அப்படியே கடித்துத் தின்பதற்கு ஏற்றவை. ஒயினுக்கு விளைவிக்கும் வகைகள் சிறு பழம், கெட்டித் தோல். 22 முதல் 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) இனிப்பில் பறித்தாலும் அந்தச் சர்க்கரை நொதித்து ஆல்கஹாலாகிவிடும். மிஞ்சுவது புளிப்பும், சிவப்பு ஒயினாக இருந்தால் துவர்ப்பும்தான்.

அந்தப் பெண் வரிசையை மாற்றி, அம்மாவுக்கு மட்டும் கடைசியில் தர வேண்டிய செனினை அப்போதே 8 டிகிரி குளிரில் ஊற்றினார். இனிப்பு முதலில் போனால் அடுத்து வரும் இனிப்பில்லாத ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும் என்பதால்தான் அதைக் கடைசியில் வைக்கிறார்கள். மற்றதைத் தொடப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டவருக்கு அந்த விதியால் பயனில்லை. அம்மாவுக்குச் செனின் பிடித்துப்போனது. குடும்பம் அதில் நான்கு பாட்டில் வாங்கியதற்கு அதுதான் காரணம்.

மூன்றாவதாக ஷிராஸ். மருமகளின் தம்பி முகர்ந்து பார்த்து, நெயில் பாலிஷ் வாடை அடிக்கிறது என்றார். ஒயினரிப் பெண் தானும் முகர்ந்தார். மறுத்துப் பேசாமல் புது பாட்டில் திறந்தார். அது நன்றாக இருந்தது, இரண்டு பாட்டில் விற்றது. ஆனால் பழைய பாட்டில் கொட்டப்படவில்லை. அவசரத்தில் மூடி போட்டுக் கவுண்டருக்குக் கீழே போனது. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை.

பகல் 12.30-க்கு நான்கு செனின், இரண்டு ஷிராஸோடு கிளம்பினார்கள். பாட்டில்களை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

திங்கள்கிழமை அழைப்பு

மூன்று செனின் பாட்டில்களின் கழுத்து பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்று மகன் போனில் சொன்னார். படங்களும் அனுப்பினார். கழுத்துறை வட்டமாக மேலே உப்பியிருந்தது. கிழித்துப் பார்த்தால் கார்க் 4 மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. பக்கவாட்டில் கீழிருந்து மேல்வரை ஈரக் கோடு. ஒன்றைத் திறந்து சுவைத்ததில் வேகவைத்த ஆப்பிள் போல, வெல்லப்பாகு போல இருந்ததாம். கெட்டுப்போய்ப் பொங்கிவிட்டதா, குடிக்கலாமா என்பது அவர் கேள்வி.

குடிப்பதால் உடம்புக்குக் கேடில்லை என்று உடனே சொன்னார்கள். ஒயினின் புளிப்பிலும் ஆல்கஹாலிலும் நோய்க்கிருமி வளராது. போனது சுவை மட்டும்தான். முதல் கேள்விக்கு மட்டும் அந்த நிமிடத்தில் பதில் இல்லை.

விசாரணை

ஒயின் தயாரிக்கும் மகளுக்கு வந்த முதல் பயம் பாட்டிலுக்குள் மறுநொதித்தல். இனிப்பு மிஞ்சிய ஒயினில் ஈஸ்ட் தப்பியிருந்தால் அது மறுபடி வேலையைத் தொடங்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தாலே பாட்டிலுக்குள் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 18 கிராமும் போனால் கார்க் மட்டுமல்ல, சாதாரணக் கண்ணாடியே தாங்காமல் போகலாம். அப்படியானால் ஒரே நாளில் நிரப்பிய அந்த லாட் முழுவதையும் திரும்பப் பெற வேண்டும். அன்று மதியமே செனின் விற்பனையை நிறுத்தினார்கள். காரணம் தெரியாமல் நிறுத்துவது நஷ்டமில்லையா என்று தந்தை தயங்கினார். இரண்டு மூன்று நாள் விற்பனை போகும், அவ்வளவுதான். மறுநொதித்தல் உண்மையாக இருந்து விற்பனையைத் தொடர்ந்திருந்தால் போவது பெயர்.

கிடங்கிலிருந்து 12 பாட்டில் எடுத்தார்கள்: நிரப்பத் தொடங்கியபோது வந்தவை நான்கு, நடுவில் நான்கு, கடைசியில் நான்கு. மொத்தமாக ஒரே பெட்டியிலிருந்து எடுத்திருந்தால் வடிகட்டி பாதியில் பழுதாகியிருந்தாலும் அது தெரியாமலே போயிருக்கும். எல்லா கார்க்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒயின் கலங்கவில்லை. கிளாஸில் ஊற்றிச் சுழற்றியபோது நாக்கில் குத்துகிற வாயு இல்லை. நுண்ணோக்கியில் ஈஸ்ட் இல்லை. சர்க்கரை அதே 18 கிராம். புளிப்பைக் காட்டும் பி.எச். 3.3, ஒயினைக் கெடாமல் காக்கும் கட்டில்லாத சல்பர் டை ஆக்சைடு லிட்டருக்கு 32 மில்லிகிராம், போதுமான பாதுகாப்பு. 0.45 மைக்ரான் வடிகட்டியின் சோதனைப் பதிவும் நிரப்புவதற்கு முன்னும் பின்னும் சரியாக இருந்தது. புதன்கிழமையோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

உண்மையில் வழி காட்டியது போனில் கேட்ட ஒரு கேள்விதான்: நான்கில் மூன்று கசிந்தது என்றால், நான்காவது எங்கே இருந்தது? அது தயிர்சாதம் வைத்திருந்த ஐஸ் பெட்டியில் இருந்தது. இரவு குடிக்கலாம் என்று அம்மா வைக்கச் சொன்னாராம். மற்ற மூன்றும் இரண்டு ஷிராஸும் டிக்கியில். ஷீரடியில் வண்டி வெட்டவெளியில் மூன்றரை மணி நேரம் நின்றது, அன்று வெயில் 37 டிகிரி. ஐஸ் பெட்டிப் பாட்டிலையும் கசிந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கிளாஸில் ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். ஒன்று வெளிர் மஞ்சள், இன்னொன்று அடர் பொன் நிறம். ஒரே லாட், ஒரே பயணம், வெப்பம் மட்டும் வேறு. ஆய்வகச் சோதனையைவிட இந்தப் படம்தான் குடும்பத்துக்குப் புரிந்த சாட்சி.

கணக்கும் ஒத்துப்போனது. 750 மில்லி ஒயின் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் சுமார் 5 மில்லி விரியும். கழுத்தின் உட்புறம் 18.5 மில்லிமீட்டர் அகலம். கார்க்குக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் வெற்றிடம் என்றால் அது வெறும் 2.7 மில்லி. விரிந்த ஒயினுக்கு இடம் இல்லாதபோது கார்க்கைத் தள்ளும், அல்லது அதன் ஓரமாக ஏறி வெளியே வரும். இரவு குளிரும்போது ஒயின் சுருங்கி, வந்த வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும். நிறம் கருத்ததில் சூட்டுக்குப் பங்கு உண்டு, இந்தக் காற்றுக்கும் உண்டு. திருகு மூடி பாட்டிலில் கார்க் அடைத்துக்கொள்ளும் இடமும் காலியாக இருப்பதால் ஷிராஸ் கசியவில்லை. சுவை மட்டும் ஜாம் போல வெந்துபோயிருந்தது. கசியாத பாட்டில் கெடாத பாட்டில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெயிலின் மேல் பழியைப் போட்டு இங்கேயே கோப்பை மூடியிருக்கலாம். மகள் மூடாமல் கிடங்குப் பாட்டில்களில் ஒயின் மட்டத்தை அளந்தார். கழுத்தின் மேல்விளிம்பிலிருந்து 63 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டிய ஒயின், 20 டிகிரியில் 58-இல் நின்றது. நிரப்பும் கருவி சரியாகத்தான் இருந்தது. குளிர்ந்த தொட்டியிலிருந்து நேராக 12 டிகிரியில் நிரப்பியிருந்தார்கள். அப்போது 63-இல் நின்ற ஒயின், சூடேறியதும் 5 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. 44 மில்லிமீட்டர் கார்க்கைக் கழித்தால் 19 இருக்க வேண்டிய வெற்றிடம் 14 மட்டுமே. போதாக்குறைக்குக் கார்க் அடிக்கும் கருவியில் காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப் இல்லை, அதனால் உள்ளே இருந்த காற்றும் அழுந்தியே அடைபட்டது. 63-இல் நின்றிருந்தாலும் அந்த டிக்கியில் கசிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் தாமதமாகவும் குறைவாகவும் கசிந்திருக்கும்.

ஷிராஸ் விஷயமும் அன்றே வெளியே வந்தது. சனிக்கிழமை என்னவெல்லாம் ஊற்றினீர்கள் என்று மகள் கேட்டபோது, கவுண்டருக்குக் கீழே அந்தப் பழைய பாட்டில் இன்னும் இருந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை திறந்தது, பாதிக்கு மேல் காலி, தேதி இல்லை. சனிக்கிழமை பிற்பகல் இன்னொரு குழுவுக்கும் அதிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். ஒயின் வினிகராக மாறுவதைக் காட்டும் ஆவியாகும் அமிலம் லிட்டருக்கு 0.95 கிராம், புதிதாகத் திறந்ததில் 0.55. கூட்டமில்லாத நாட்களில் ஏசியை அணைத்துவிடுவதால் மாலை 4 மணிக்கு அறையில் 31 டிகிரி. துப்பும் ஜாடியைச் சுற்றிப் பழ ஈக்கள். அந்த ஈக்களின் காலில் ஒட்டி வருவது வினிகர் பாக்டீரியா. அதற்குத் தேவையான காற்றும் சூடும் பாதி காலியான பாட்டிலில் தாராளமாகக் கிடைத்தன.

எடுத்த முடிவுகள்

புனே குடும்பத்துக்கு மூன்று செனினும் இரண்டு ஷிராஸும் மாற்றித் தந்தார்கள், புனேயில் தங்கள் ஒயினை விற்கும் கடை வழியாக. வெயிலில் வைத்தது வாங்கியவர்தானே என்று வீட்டுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. வைக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லையே என்ற பதிலோடு அது முடிந்தது. நடந்ததை முழுவதும், தங்கள் பக்கத்து 5 மில்லிமீட்டரையும் சேர்த்து, மகனிடம் சொன்னார்கள். அப்படிச் சொன்னதைப் பாராட்ட வேண்டும்.

பில் போடும்போது இப்போது முதல் கேள்வி, இங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்பது. ஷீரடி, திரியம்பகேஸ்வர் போய் இதே வழியில் திரும்புபவர்களின் பாட்டில்களைப் பெயர் எழுதிக் கிடங்கிலேயே வைத்து, திரும்பும்போது கொடுக்கிறார்கள். திரும்பி வராதவர்களுக்கு ஆறு பாட்டில் கொள்ளும் தெர்மாகோல் பெட்டியும் இரண்டு ஜெல் ஐஸ் பையும். டிக்கியில் வேண்டாம், ஏசி காற்று படுகிற பின்சீட்டின் கீழே வையுங்கள் என்று வாயால் சொல்கிறார்கள்; அச்சடித்த சீட்டை யாரும் படிப்பதில்லை.

திறந்த பாட்டிலுக்கு வந்த மாற்றம் செலவே இல்லாதது. கூட்டம் குறைந்த நாளில் பாட்டிலைத் திறந்த உடனேயே பாதியை 375 மில்லி சிறு பாட்டிலில் விளிம்புவரை நிரப்பித் திருகி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே காற்றே இல்லாததால் அந்தப் பாதி நான்கு நாளானாலும் நன்றாக இருக்கிறது. ஊற்றிக்கொண்டிருக்கும் மீதிப் பாதியின் கழுத்தில் டேப் ஒட்டித் தேதியும் நேரமும் எழுத வேண்டும். வெள்ளையோ சிவப்போ, இரவு ஃபிரிட்ஜில்தான். சிவப்பை முன்கூட்டியே வெளியே எடுத்து, 16 முதல் 18 டிகிரிக்கு வந்தபின் ஊற்றுகிறார்கள். இரண்டு நாள் தாண்டினால் சாக்கடையில் கொட்டுவது, மிச்சத்தைச் சேர்த்து வினிகர் போடும் யோசனைக்கு இடமில்லை. வினிகர் ஜாடி ஒயினரிக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

அறையைத் திறப்பதற்கு முன் எல்லா பாட்டிலையும் ஒருவர் முகர்ந்து பார்க்கிறார். துப்பும் ஜாடிக்கு மூடி வந்தது, மணிக்கொருமுறை கழுவுகிறார்கள். எலுமிச்சை வாசனை சோப்பை மாற்றி வாசனையில்லாததைக் கொண்டுவந்தார்கள். பிள்ளையார் படம் வாசல் திண்ணைக்கு மேலே போனது. பூஜையும் ஊதுபத்தியும் அங்கே நடக்கின்றன. ஊதுபத்திப் புகை படிந்த அறையில் 30 மில்லி வெள்ளை ஒயினின் வாசனை எடுபடாது. இந்த மாற்றத்துக்குத் தந்தையைச் சம்மதிக்க வைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

பின்னர் நடந்தது

செனின் விற்பனை வியாழக்கிழமை மறுபடி தொடங்கியது. அந்த லாட் முழுவதற்கும் 58 மில்லிமீட்டர் மட்டம்தான் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் ஐஸ் பெட்டி இல்லாமல் அதை வாசலில் விற்கவில்லை. அடுத்த அறுவடைக் காலத்தில் கசிவுப் புகார் ஒன்று வந்தது. பெட்டி வேண்டாம் என்று சொல்லி, இரண்டு பாட்டிலை முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் வைத்து ஓட்டியவர் அவர். ஷிராஸ் நாற்றம் பற்றிப் புகார் வரவில்லை. கொட்டும் ஒயினின் அளவு முதல் மாதம் கூடி, சிறு பாட்டில் பழக்கம் வந்தபின் முன்பைவிடக் குறைந்தது.

இன்னும் மாற வேண்டியவை

நிரப்புவதற்கு முந்தின நாள் ஒயினை 18 முதல் 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் 12 டிகிரியில் நிரப்பும்போது 63-க்குப் பதில் 68 மில்லிமீட்டருக்குக் கருவியைத் திருத்த வேண்டும். எது செய்தாலும், நிரப்பிய பாட்டில் சிலவற்றை 20 டிகிரியில் வைத்து மறுபடி அளந்து பதிவு செய்ய வேண்டும். பாட்டிலில் 750 மில்லிக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கார்க் அடித்த பாட்டிலைப் படுக்க வைப்பதற்கு முன் பத்து நிமிடமாவது நிற்க விட வேண்டும். உள்ளே அழுந்திய காற்று தணிய அந்த நேரம் தேவை.

எங்கள் கருத்தில் செனினையும் திருகு மூடிக்கு மாற்றுவதே நல்லது. கோடையில் கார் டிக்கியில் போகிற இனிப்பு ஒயினுக்குக் கார்க் தருவது அழகு மட்டும்தான். தந்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த நிரப்பலில் பாதி லாட்டைத் திருகு மூடியில் போட்டு, இரண்டையும் ஒரே கவுண்டரில் வைத்துப் பார்ப்பது என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. மேற்கு ஜன்னலுக்கு வெளித்தட்டி போடும் வேலைக்குத் தச்சரிடம் சொல்லியாயிற்று.